எம்ஆர்ஐயில் லேப்ரம் கிழிசல் என்று வந்தால் உடனே ஆபரேஷன் வேண்டுமா?

உங்களுக்கு வயது 28. வாரத்தில் மூன்று நாள் ஃபுட்பால், மற்ற நாட்களில் ஜிம். பல மாதங்களாக வலது தொடை இடுக்கில் வலி. ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதும், நெடுநேரம் காரில் உட்கார்ந்து எழும்போதும் பிடிக்கிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் ‘லேப்ரம் கிழிசல், கேம் வகை இம்பிஞ்ச்மென்ட்’ என்று இருக்கிறது. அதாவது இடுப்பு மூட்டின் விளிம்பு வளையம் கிழிந்திருக்கிறது, எலும்பின் புடைப்பு ஒன்று அங்கே மோதுகிறது. ஒரு டாக்டர் ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சின்னத் துளைவழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் விளையாட்டை விட்டுவிடு, சரியாகிவிடும் என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் உண்மையான கவலை என்று நினைக்கிறேன்: “இப்போது செய்யாவிட்டால் நாற்பது வயதில் மூட்டை மாற்ற வேண்டி வருமா?” ஆக இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வலிக்குக் காரணம் அந்தக் கிழிசல்தானா? ஆபரேஷன் செய்தால் வலி போகுமா? விட்டுவிட்டால் மூட்டு தேயுமா? மூன்றுக்கும் ஒரே அளவு உறுதியோடு பதில் சொல்ல முடியாது.

நான் எலும்பு மூட்டு மருத்துவர். இடுப்பு மூட்டும் முழங்காலும்தான் பல வருடங்களாக என் வேலை. ஆபரேஷன் செய்கிற ஆள் என்பதால் என் பேச்சில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். உங்களை நேரில் பரிசோதிக்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை இது சின்னக் குறை இல்லை. ஏன் என்று கீழே புரியும்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் வலியே இல்லாதவர்களுக்கும் லேப்ரம் கிழிந்திருக்கும். அமெரிக்காவில் 2012இல் வந்த ஓர் ஆய்வில், இடுப்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத 45 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 38தான். அவர்களில் 69 சதவீதம் பேருக்கு லேப்ரத்தில் கிழிசல் தெரிந்தது. கேம் புடைப்பும் அப்படித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், வலி இல்லாத விளையாட்டு வீரர்களின் இடுப்பு மூட்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் புடைப்பு இருந்தது. உங்கள் அறிக்கை பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. படத்தில் இருப்பதை அது சரியாகவே எழுதியிருக்கும். ஆனால் உங்கள் ஃபுட்பால் டீமையே வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தால், எந்த வலியும் இல்லாத பலருக்கும் இதே அறிக்கை வரும்.

அந்தப் புடைப்பு என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, அது உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல இருப்பதுதான் லேப்ரம். ஆட்டுக்கல்லில் குழவியின் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தடித்திருந்தால், சாய்த்து ஆட்டும்போது கல்லின் விளிம்பில் இடிக்கும் அல்லவா, அதேதான் இங்கேயும். பந்து கழுத்தோடு சேரும் இடத்தில் எலும்பு புடைத்திருந்தால் அது கேம். கிண்ணத்தின் விளிம்பு அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பின்சர். தொடையை நன்றாக மடக்கி உள்பக்கம் திருப்பும்போது இரண்டும் மோதுகின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது லேப்ரமும் அதை ஒட்டிய குருத்தெலும்பும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவும் 2003இல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் உலகமே இதைக் கவனிக்க ஆரம்பித்தது. அதுவரை இளம் வயதில் தொடை இடுக்கு வலி என்றால் பெரும்பாலும் ‘சதைப் பிடிப்பு’ என்று அனுப்பிவிடுவோம். இப்போது நிலைமை தலைகீழ். யாருக்கு வலி என்றாலும் கேம் என்று சொல்லிவிடுகிறோம்.

புடைப்பு பிறவியிலேயே வருவதில்லை. எலும்பு வளரும் பருவத்தில், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து பதினாறு வரை, கடுமையாக விளையாடும் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டின் ஓரமாக எலும்பு கூடுதலாகப் படிகிறது. நெதர்லாந்தின் இளம் ஃபுட்பால் வீரர்களிடமும் சுவிட்சர்லாந்தின் கூடைப்பந்து வீரர்களிடமும் இது தெளிவாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. நீங்கள் பள்ளிக்கூட டீமில் ஆடியவர் என்றால் அந்தப் புடைப்பு பத்துப் பன்னிரண்டு வருடமாக உங்களோடுதான் இருந்திருக்கும். வலிக்கு வயது சில மாதங்கள்தான். அப்படியானால் இந்த மாதங்களில் என்ன மாறியது என்றுதான் கேட்க வேண்டும். விளையாடும் நாட்கள் கூடினவா, ஸ்குவாட்டில் எடை ஏறியதா, செயற்கைப் புல் தரைக்கு மாறினீர்களா? பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

2016இல் இந்தத் துறையின் நிபுணர்கள் இங்கிலாந்தின் வாரிக்கில் கூடி ஒரு வரையறைக்கு வந்தார்கள். இம்பிஞ்ச்மென்ட் நோய் என்று சொல்ல மூன்றும் பொருந்த வேண்டும்: நோயாளி சொல்லும் தொந்தரவு, பரிசோதனையில் தெரியும் அடையாளம், படம். படம் மட்டும் இருந்தால் அது உடல் அமைப்பு, நோய் இல்லை. நேரில் பார்க்காமல் உங்களுக்கு முடிவு சொல்ல எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான்.

பரிசோதனையில் முதல் வேலை, வலி எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்வது. மூட்டுக்குள் கோளாறு உள்ளவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, இடுப்பின் பக்கவாட்டை முன்னும் பின்னுமாகப் பிடித்துக் காட்டுவார், அல்லது தொடை இடுக்கில் விரலை அழுத்துவார். பின்புறம் பிட்டத்துக்கு மேலே காட்டுபவருக்குப் பெரும்பாலும் முதுகெலும்பிலோ இடுப்புக் கூட்டின் பின் இணைப்பிலோதான் பிரச்சினை. சிலருக்கு முழங்காலில் மட்டும் வலி இருக்கும், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கும், ஒரே நரம்புக் கிளை இரண்டுக்கும் போவதால். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்கி, தொடையை மறுபக்கமாகச் சாய்த்து, பாதத்தை வெளியே திருப்புவோம். இதில் உங்கள் வழக்கமான வலி வராவிட்டால் மூட்டுக்குள் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. வலி வந்தால் மட்டும் இம்பிஞ்ச்மென்ட் என்று முடிவு கட்ட முடியாது, வேறு பல காரணங்களிலும் வரும். பல இடங்களில் இந்தச் சோதனை வலித்ததுமே சீட்டில் நோயின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அது தப்பு.

நீங்கள் ஃபுட்பால் ஆடுபவர் என்பதால் இன்னொன்று. ஃபுட்பாலில் தொடை இடுக்கு வலிக்கு மிக அதிகமான காரணம் மூட்டு இல்லை, உள்தொடைத் தசை. 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் இந்த வலியை உள்தொடைத் தசை, முன்பக்க இலியோசோவாஸ் தசை, அடிவயிற்றின் இங்குவினல் பகுதி, நடு எலும்பான பியூபிஸ் என்று நான்காகப் பிரித்தார்கள். இடுப்பு மூட்டை அதற்கு வெளியே தனியாக வைத்தார்கள். படுத்துக்கொண்டு இரண்டு முழங்கால்களுக்கு நடுவே யாராவது முஷ்டியை வைக்கச் சொல்லி இறுக்கி அழுத்திப் பாருங்கள். உங்கள் வலி அப்படியே வந்தால், உள்தொடைத் தசை சேரும் எலும்பைத் தொட்டாலும் வலித்தால், கிழிசல் படத்தில் இருந்தாலும் குற்றவாளி தசையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கும், அது இன்னும் சிக்கல்.

குழப்பம் தீராவிட்டால் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை மட்டும் ஊசியில் போட்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் வலி வரும் அதே அசைவுகளைச் செய்யச் சொல்வது. வலி பெரும்பாலும் மறைந்தால் அது மூட்டுக்குள்ளிருந்து வருகிறது. கொஞ்சமும் மாறாவிட்டால் மூட்டை ஆபரேஷன் செய்து பயன் இருக்காது. கிழிசலா குருத்தெலும்பா என்று இது பிரித்துச் சொல்லாது. ஆனாலும் கத்தியை எடுப்பதற்கு முன் இதைச் செய்யாமல் போவது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இம்பிஞ்ச்மென்ட் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடக் கூடாதவை மறந்துவிடும். நம் ஊரில் இளம் வயதில் இடுப்பு மூட்டை மாற்றும் நிலைக்கு நிறையப் பேரைக் கொண்டுவருவது ஏவிஎன். தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பு செத்துப்போவது. ஸ்டீராய்டும் குடியும் முக்கியக் காரணங்கள். இடுப்பில் பட்ட பெரிய அடி, இரத்தச் சிவப்பணுக்கள் வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் ஆகியவையும் உண்டு. கோவிட்டுக்கு ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு மாதங்கள் கழித்து இது வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஜிம்மில் தசைக்காகப் போடுவது வேறு வகை ஸ்டீராய்டு. நான் சொல்வது டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் வகை. எடை கூடும் என்றோ மூச்சு இளைப்புக்கென்றோ பெயர் இல்லாத பொட்டலத்தில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளில் இவை இருக்கலாம், அதனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏவிஎன்னில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும், எம்ஆர்ஐயில்தான் தெரியும். இரண்டு பக்கமும் வருவது சகஜம் என்பதால் இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். சம்மணம் போட முடியாமல் போவதுதான் பலருக்கு முதல் அடையாளம். பந்து நசுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. நசுங்கிய பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

மாரத்தான் ஓடுபவர்கள், ராணுவம் அல்லது போலீஸ் தேர்வுக்குத் திடீரென்று ஓட ஆரம்பித்தவர்கள், சரியாகச் சாப்பிடாமல் பயிற்சி செய்யும் பெண்கள், குறிப்பாக மாதவிடாய் நின்றுபோனவர்கள் ஆகியோருக்குத் தொடை இடுக்கில் வலி வந்தால், தொடை எலும்பின் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல், இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். விரிசல் கழுத்தின் கீழ்ப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஊன்றுகோலும் ஓய்வும் போதும். மேல்பக்கம் இருந்தால் அது முழுதாக முறிந்து விலகலாம், உடனே ஸ்க்ரூ போட வேண்டியிருக்கும். “ஓடி ஓடிச் சரியாகிவிடும்” என்ற யோசனை இங்கே மட்டும் உண்மையிலேயே ஆபத்து. விடிகாலையில் வலியில் எழுந்து, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்து, நடமாடினால் குறைந்தால் அது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை வாதமாக இருக்கலாம். அதற்கு வாத நோய் மருத்துவரான ருமட்டாலஜிஸ்ட் வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் மூட்டில் காசநோயை நம் நாட்டில் இன்னும் மறக்கக் கூடாது. உங்கள் எம்ஆர்ஐ ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் ஏவிஎன்னும் விரிசலும் ஏற்கெனவே விலக்கப்பட்டிருக்கும். அறிக்கையில் அதை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

விந்தை என்னவென்றால், எம்ஆர்ஐ எடுத்த பலரிடம் சாதாரண எக்ஸ்ரே இருக்காது. நின்றபடி எடுத்த இடுப்புக் கூட்டின் முழு எக்ஸ்ரேயும், தொடையை 45 டிகிரி மடக்கி எடுக்கும் டன் கோணப் படமும் எனக்கு எம்ஆர்ஐக்கு முன்பே வேண்டும். அதில் இரண்டு கோணங்களை அளப்போம். ஒன்று, பந்து கழுத்தோடு சேரும் இடம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று காட்டும் ஆல்ஃபா கோணம். அது 60 டிகிரிக்கு மேல் போனால் கேம் என்று பொதுவாகக் கொள்கிறோம். இன்னொன்று ஸ்வீடனின் விபெர்க் 1939இல் சொன்னது, கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்று காட்டும் கோணம். 25க்கு மேல் இருந்தால் சரி, 20க்குக் கீழே என்றால் கிண்ணம் ஆழம் போதாது, அது டிஸ்பிளேசியா. இடையில் உள்ளவர்கள் எல்லைக் கோட்டில் நிற்பவர்கள், எங்களுக்குள் அதிகம் சண்டை வருவது அவர்களை வைத்துத்தான். இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், டிஸ்பிளேசியாவிலும் லேப்ரம் கிழியும், அறிக்கை உங்களுடையதைப் போலவே இருக்கும், ஆனால் வைத்தியம் நேர் எதிர். அங்கே லேப்ரத்தை மட்டும் துளைவழியாகச் சரி செய்தால் மூட்டு இன்னும் தளர்ந்து மோசமாகலாம். கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வைக்கும் பெர்ன் முறை அறுவை சிகிச்சைதான் அதற்குப் பொருத்தம். இதுவும் கான்ஸ் உருவாக்கியதே. பரதநாட்டியம், யோகா என்று மூட்டு மிக எளிதாக வளையும் இளம்பெண்கள் இடுப்பு வலியோடு வந்தால் நான் முதலில் தேடுவது இந்தக் கோணத்தைத்தான்.

சரி, உங்களுக்கு மூன்றும் பொருந்தி இம்பிஞ்ச்மென்ட் உறுதியானது என்றே வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்த்ரோஸ்கோப்பியும் மறு பாதிக்கு ஆளுக்கேற்ற பிசியோதெரபியும் கொடுத்தார்கள். முடிவு 2018இல் வந்தது. இடுப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் அளவுகோலில் ஆபரேஷன் குழு சுமார் 39இல் தொடங்கி ஓராண்டில் 59க்கு வந்தது, பிசியோ குழு 36இலிருந்து 50க்கு வந்தது. தொடக்க வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் ஆபரேஷனுக்குச் சாதகமாக ஏழு மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. நோயாளியால் உணரக்கூடிய வித்தியாசம்தான், பிரமாதமான வித்தியாசம் இல்லை. 222 பேரை வைத்து 2019இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்கூட சராசரியில் நூறுக்குப் பக்கத்தில் போகவில்லை என்பதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? இரண்டு ஆய்வுகளிலும் போலி ஆபரேஷனோடு ஒப்பிடவில்லை, அதனால் அந்த ஏழில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே நான் முதலில் மூன்று மாதம் ஒழுங்கான பிசியோ சொல்வேன். ‘ஒழுங்கான’ என்ற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஐஎஃப்டி என்ற கரண்ட் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், சூடு என்று படுக்க வைத்து அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. பிட்டத் தசைகள், உள்தொடை, வயிறு, முதுகுத் தசைகள் எடை போட்டு வாராவாரம் ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சி வேண்டும். உள்தொடைக்குக் கோபன்ஹேகன் பயிற்சி இருக்கிறது, ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை ஒருவர் தாங்கிப் பிடிக்க, உடலைத் தூக்குவது. நார்வேயில் ஆண் ஃபுட்பால் வீரர்களிடம் இதைச் செய்ய வைத்தபோது தொடை இடுக்குத் தொந்தரவு 41 சதவீதம் குறைந்ததாக 2019இல் முடிவு வந்தது. ஸ்குவாட்டை விட வேண்டாம், வலி தொடங்கும் ஆழத்துக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கால்களை இன்னும் அகட்டி வையுங்கள். ஆட்டத்தை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். நேரத்தைப் பாதியாக்குங்கள். மறுநாள் காலைக்குள் வலி அடங்கிவிட்டால் அந்த அளவு தாங்குகிறது என்று அர்த்தம். இறுக்கம் என்று நினைத்து முழங்காலை மார்போடு இழுத்து நீட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். மோதுகிற இடத்தில் போய் மறுபடி மறுபடி மோதவிடுகிறீர்கள், பாதிப் பேர் தாங்களே வலியை வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

தரையில் உட்காரவே கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வார்கள். சம்மணத்தில் தொடை வெளிப்பக்கம் திரும்புகிறது, கேம் மோதுவது உள்பக்கம் திரும்பும்போது. வலிக்காவிட்டால் தாராளமாகச் சம்மணம் போடலாம். தாழ்ந்த ஸ்டூல், பள்ளமான சோஃபா, குத்துக்கால் போட்டு நெடுநேரம் இருப்பது, இவைதான் தொந்தரவு தரும்.

மூன்று நான்கு மாதம் நேர்மையாகச் செய்தும் வலி அப்படியே இருந்து, ஊசியில் மூட்டுதான் காரணம் என்று தெரிந்து, குருத்தெலும்பு நன்றாக இருந்தால், 28 வயதில் ஆர்த்ரோஸ்கோப்பி நியாயமான முடிவு. மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் பலன் குறைகிறது. காலை இழுத்துப் பிடித்துச் செய்வதால் தொடையிலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ சில வாரங்கள் மரத்துப்போகலாம். ஊன்றுகோல் சில வாரம், ஆடுகளத்துக்குத் திரும்ப ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதில் மூட்டு மாற்றுவது பற்றிய பயத்துக்கு வருகிறேன். கேம் புடைப்பு பின்னால் மூட்டுத் தேய்மானத்துக்கு வழி வகுக்கும் என்பது உண்மை. நெதர்லாந்தில் 45 முதல் 65 வயது வரை, ஏற்கெனவே மூட்டுத் தொந்தரவு தொடங்கியிருந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆல்ஃபா கோணம் 60க்கு மேல் இருந்த மூட்டுகளில் கடைசிக் கட்டத் தேய்மானம் வந்தது பத்தில் ஒன்று அளவுக்குத்தான். கோணம் 83க்கு மேல் போய், உள்பக்கத் திருப்பமும் 20 டிகிரிக்குக் குறைந்திருந்தால் அது பாதியைத் தொட்டது. ஆக, புடைப்பின் அளவும் மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதும்தான் கணக்கு. லேப்ரம் கிழிசல் என்ற சொல் அதில் வரவே இல்லை. புடைப்பைச் செதுக்கிவிட்டால் தேய்மானம் நிற்குமா? இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. “இப்போதே செய்யாவிட்டால் மூட்டு போய்விடும்” என்று யாராவது சொன்னால் அவர் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2018 ஜனவரியில் இடுப்பில் ஆபரேஷன் செய்தார், வலி தீரவில்லை. 2019 ஜனவரியில் பந்தின் மேல் உலோக உறை போடும் ரீசர்ஃபேசிங் செய்துகொண்டு அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் பட்டம் வென்றார். இரண்டு பக்கமும் இதை வைத்து வாதாடலாம் என்பதால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவர் மூட்டு உங்களுடையது இல்லை.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்த இரண்டு எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு கோணங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இடுப்பு ஆர்த்ரோஸ்கோப்பி அடிக்கடி செய்யும் ஒருவரிடம் போங்கள். முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பியில் கைதேர்ந்தவர் இதிலும் அப்படியே என்று சொல்ல முடியாது. குருத்தெலும்பு எப்படி இருக்கிறது, கிண்ணம் ஆழம் போதுமா, ஊசிச் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எடை தாங்க முடியாமல் போனாலோ, ராத்திரி வலி எழுப்பினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ மூன்று மாதம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வாரமே போங்கள். இடது பக்கத்திலும் அதே புடைப்பு இருப்பதாக எக்ஸ்ரேயில் சொன்னால் பயப்படாதீர்கள். அங்கே வலி இல்லை என்றால் அதை யாரையும் தொட விடாதீர்கள்.